சகலையைத் தேடிய ரேடார்

அவரை நான் முதலில் பார்த்தது ஓர் இரும்புப் பெட்டிக்குள். சரக்குக் கப்பலில் அடுக்கி வருமே, அந்த மாதிரிப் பெட்டி. அதற்கு ஒரு கதவும் ஒரு சன்னலும் வெட்டி, குளிர்சாதனம் மாட்டி, சின்ன விமான நிலையம் ஒன்றின் ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல்லின் மேல் இறக்கி வைத்திருந்தார்கள். வெளியே கம்பத்தின் உச்சியில் ரேடார். உள்ளே இரண்டு மேசை, மூன்று திரை, ஒரே ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் அவர்.

எனக்கு அது முதல் வேலை, முதல் நாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் தெருவிலும் நான்தான் முதல். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வேலைக்கென்றே அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையின் மடிப்பு கலையாமல் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருந்தேன். கதவைத் திறந்து, "வணக்கம் சார், புதுசா சேர்ந்திருக்கிற எஞ்சினியர்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "கதவைச் சாத்து. இருக்கிற குளிரெல்லாம் வெளிய போனா புல்லுக்குத்தான் ஜலதோஷம் பிடிக்கும்."

சாத்தினேன்.

"என்ன படிச்சிருக்கே?"

சொன்னேன்.

"டிகிரியா! நான் டிப்ளமோதான். சரி வா டிகிரி, அந்த முக்காலியில உக்காரு." அன்றிலிருந்து அங்கே எனக்கு அதுதான் பெயர். கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்கண்ணே."

"பொண்ணு பாக்கும்போது பொண்ண மட்டும் பாத்துட்டு வந்துடாதே. அவளுக்குத் தங்கச்சி இருக்கான்னு விசாரி. இருந்தா, அந்தத் தங்கச்சிக்கு எவன் வரப்போறான்னு தெரியற வரைக்கும் வாயத் திறந்து சம்மதம்னு சொல்லாதே."

ரேடார் பற்றி முதல் பாடம் சொல்லப்போகிறார் என்று நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். மூடிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் விஷயம் விளங்கியது. அவருடைய மனைவி வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் இவர். அதனால் மாமியார் வீட்டில் இவருக்குப் பெயர் 'பெரிய மாப்பிள்ளை'. ஒருநாள் மாமியார் போனில் கூப்பிட, இவர் கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட, "பெரிய மாப்பிள்ளைங்களா பேசறது?" என்று கேபின் முழுக்கக் கேட்டிருக்கிறது. பிறகு எல்லாருக்கும் அவர் பெரிய மாப்பிள்ளைதான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் முகத்துக்கு நேரேயே. அவருக்கு அதில் வருத்தமில்லை. பெரிய என்ற சொல் அதில் இருக்கிறதல்லவா.

அவருடைய கதை சாதாரணமானது. அப்பா லாரி ஓட்டியவர். இவர் டிப்ளமோ முடித்துத் துறைமுகத்தில் படகுகளின் ரேடாரைப் பழுதுபார்க்கப் போனார். அங்கிருந்து மழை பார்க்கும் ரேடாருக்கு. அங்கிருந்து இந்தக் கம்பெனிக்கு. மழை ரேடாரில் இருந்த காலத்தில்தான் அவருக்குக் கல்யாணம். மாமியார் வீட்டில் அவர் வாயிலிருந்து "இன்னைக்கு மழை வரும்" என்று வந்தால் போதும், கொடியில் காயாத துணியையும் உருவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். மழை வராவிட்டாலும், "மாப்பிள்ளை சொன்னாரு, மழைதான் கேக்கல" என்பார் மாமனார். டி.வி. ஓடாவிட்டால் அவர். மோட்டார் இறைக்காவிட்டால் அவர். எந்த போன் வாங்கலாம் என்றால் அவர். முதல் தட்டு அவருக்கு, மின்விசிறிக்கு நேரே இருக்கும் நாற்காலி அவருக்கு.

அப்புறம் மச்சினிக்குக் கல்யாணம் ஆனது. சின்ன மாப்பிள்ளை வந்தான்.

'வந்தான்' என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படியே வருகிறது. நல்ல மனுஷர்தான். கல்யாணங்களில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், டிரோன் வாங்கி மேலிருந்து பிடிக்கக் கற்றுக்கொண்டார். விரலால் தட்டினால் வானத்தில் நடனம் ஆடும். அதைவிட மோசம், பெரிய மாப்பிள்ளையின் வாயாலேயே சொல்வதானால்: "சிரிச்சுக்கிட்டே இருப்பான் டிகிரி. மாமனாருக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரைன்னு அவனுக்குத் தெரியும். எனக்கு இத்தனை வருஷமா அவருக்குச் சர்க்கரை இருக்கிறதே தெரியாது. இப்படி ஒருத்தன் இருந்தா மனுஷன் எப்படி வாழறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதையும் மொட்டை மாடியில் நிறுத்தி, சகலை மேலிருந்து ஒரு படம் எடுத்தார். எல்லாரும் அண்ணாந்து கையசைத்தார்கள். பெரிய மாப்பிள்ளை மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. வீம்பு. அதனால் படத்தில் எல்லாருக்கும் முகம் இருந்தது, இவருக்கு உச்சந்தலை இருந்தது. நடுவில் முடி கொட்டியது இவருக்கே அதுவரை தெரியாது. மாமியார் அதை டி.வி.யில் போட்டுப் பார்த்துவிட்டு, "அடடா, நம்ம பெரிய மாப்பிள்ளைக்கு உச்சியில நிலா வந்துடுச்சே" என்றாராம். இவருடைய சொந்த மகளே சிரித்திருக்கிறாள். அதோடு விடாமல், "சித்தப்பா, இன்னொரு தடவை போடுங்க" என்றும் கேட்டிருக்கிறாள்.

இந்த நிலையில்தான் எங்கள் ரேடாரைச் சோதிக்க டிரோன் பறக்கவிட ஆள் தேவைப்பட்டது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமான நிலையத்துக்குள் அத்துமீறி வரும் டிரோனைக் கண்டுபிடிக்கிற ரேடார் எங்களுடையது. பெரிய விமானத்தை ரேடாரில் பிடிப்பது வயலில் யானையைப் பார்ப்பது மாதிரி. தப்பவே தப்பாது. ஆனால் கைக்கு அடக்கமான டிரோன், மெதுவாக, வேலி உயரத்தில் வந்தால் அது அறுவடை முடிந்த வயலில் வெட்டுக்கிளி. ரேடார் அனுப்பும் அலை எல்லாவற்றின் மேலும் பட்டுத் திரும்பும். மரம், வேலி, புல், குட்டையில் எழும் சிற்றலை, சாலையில் போகும் லாரி. எல்லாவற்றையும் காட்டினால் திரை முழுக்க அம்மைத் தழும்பு. அதனால் ஒரு வேக வரம்பு வைப்பார்கள். அதற்குக் கீழே அசைவதையெல்லாம் ரேடார் தரை என்று தள்ளிவிடும். வரம்பை இறக்கினால் கிளை அசைந்தாலும் அலாரம் அடிக்கும். நாலு தடவை பொய்யாக அடித்தால் ஐந்தாவது தடவை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஏற்றினாலோ மெதுவாக வருவது நழுவிவிடும்.

அதைத் தாண்டி வந்த புள்ளி கொக்கா, டிரோனா என்று மென்பொருள் முடிவு செய்யும். கொக்கு இறக்கை அடிக்கும். டிரோனின் காற்றாடிகள் சுழல்வதால் திரும்பி வரும் அலையில் ஒரு நடுக்கம் இருக்கும். எது எது எப்படி நடுங்கும் என்று பழைய பதிவுகளைக் காட்டித்தான் அதற்குப் பழக்க வேண்டும். பதிவுகளைப் பார்த்து 'இது டிரோன்', 'இது பறவை', 'இது குப்பை' என்று அடையாளம் போடுவது பெரிய மாப்பிள்ளையின் வேலை. அதை மென்பொருளுக்கு ஊட்டுவது என் வேலை.

முதலில் எங்களுக்காகப் பறந்தவர் ஓய்வு பெற்ற ஒரு வங்கிக்காரர். பொழுதுபோக்குக்கு டிரோன் வாங்கியவர். அவருடைய டிரோன் பத்தடி போகும், நிற்கும், யோசிக்கும், பின்வாங்கும். பெரிய மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அவருடைய பதிவுகளில் பாதிக்கு மேல் குப்பை என்று போட்டார். "இதையெல்லாம் காட்டினா ரேடாருக்கே புத்தி கெட்டுடும்." வங்கிக்காரர் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு வேறு ஆள் தேடினார்கள்.

வீட்டில் அண்ணி, அவருடைய மனைவியைத்தான் சொல்கிறேன், காப்பி டம்ளரை வைத்துவிட்டு நின்றாராம். "ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரருக்கு இப்ப கல்யாண வேலை ஒண்ணும் இல்லையாம். உங்க ஆபீஸ்ல பறக்கறதுக்கு ஆள் வேணும்னீங்களே."

"நான் எப்பச் சொன்னேன்?"

"தூக்கத்துல."

மறுக்க முடியுமா? மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவரே மேலாளரிடம் போய், "எங்க சகலை ஒருத்தன் இருக்கான் சார்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. வாழ்க்கையில் தான் செய்த ஒரே தியாகம் அதுதான் என்று என்னிடம் சொன்னார். திரும்பி வாங்க முடியாத தியாகம்.

வந்த முதல் நாளே மேலாளருக்கு சகலையைப் பிடித்துவிட்டது. காவலாளிக்கும் பிடித்துவிட்டது. காவலாளியின் நாய் பெரிய மாப்பிள்ளையைப் பார்த்து இன்றைக்கும் குரைக்கும். சகலையைப் பார்த்து அன்றைக்கே வாலை ஆட்டியது.

"அந்த நாயக் கூட மன்னிச்சிடுவேன்" என்றார் பெரிய மாப்பிள்ளை என்னிடம். "நீயும் போயி பல்லைக் காட்டிட்டு நின்ன பாரு."

பறப்பு ஆரம்பித்தது. சகலை ஓடுபாதையின் மறுகோடியில் நிற்பார். டிரோனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து, புல்லை உரசுகிற மாதிரி வளைத்து, திடீரென்று எங்கள் சன்னலுக்கு முன்னால் எழுப்புவார். வாக்கி-டாக்கியில் குரல் வரும்.

"அண்ணே, தெரியுதா?"

"தெரியுது தெரியுது."

"எங்கண்ணே இருக்கேன்?"

பெரிய மாப்பிள்ளை திரையைத் துழாவுவார். "தொட்டிக்குப் பக்கத்துல."

"சன்னலைப் பாருங்கண்ணே."

சன்னலுக்கு வெளியே டிரோன் சாய்ந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் பறக்கும். மேலாளர் விழுந்து விழுந்து சிரிப்பார். பெரிய மாப்பிள்ளை சிரிக்க முயல்வார். பல்வலிக்காரன் சிரிப்பது மாதிரி இருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு செய்தி வந்தது. விமான நிலையத்துக்காரர்கள் வந்து பரிசோதித்து ரேடாரை ஏற்றுக்கொண்டால், அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒரு நிலையப் பொறுப்பாளரைப் போடுவார்கள். அது பெரிய மாப்பிள்ளைக்குத்தான் என்று மேலாளர் வாய்விட்டே சொன்னார். அன்றிலிருந்து அவர் ஆளே மாறினார். சம்பளம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் அதை அவர் ஒரு தடவை கூடப் பேசவில்லை. பேசியதெல்லாம் வேறு. "மாமியார் வீட்டுக்குப் போறேன்னு வெச்சுக்க. யாராச்சும் வந்து, மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேக்கறாங்க. பொறுப்பாளர். அந்தச் சொல்லு அந்த வீட்டுல ஒரு தடவை விழணும் டிகிரி. அவன் காது கேக்க விழணும்."

அதற்கு முதலில் சகலையைப் பிடிக்க வேண்டும். பிடிக்க உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரத்திலும் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்ப்பார். ஒரு கையில் சோறு, ஒரு கையில் சுட்டி. சகலை திரும்புவதற்கு முன் இடப்பக்கம் கொஞ்சம் தாழ்வார் என்று கண்டுபிடித்தார். தொட்டிக்குப் பின்னாலிருந்து எப்போதும் வேகமாகத்தான் வெளியே வருவார் என்று கண்டுபிடித்தார். "இவனுக்கு நிக்கத் தெரியாது டிகிரி. நாலு பேர் பாக்கறாங்கன்னா நிப்பானா? நெளிஞ்சுக்கிட்டே போவான்." அந்தத் தடங்களையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி 'டிரோன்' என்று அடையாளம் போட்டுக் கொடுத்தார். நான் ஊட்டினேன். நடுவில் கொக்கும் காக்கையும் தொந்தரவு செய்ததால் வேக வரம்பைக் கொஞ்சம் ஏற்றினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். சகலைதான் மெதுவாகப் போக மாட்டாரே.

ஒருநாள் மத்தியானம் சகலை தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததுமே திரையில் சிவப்புக் கட்டம் விழுந்தது. விடாமல் கூடவே போனது. சாய்ந்தால் சாய்ந்தது, தாழ்ந்தால் தாழ்ந்தது. சன்னலுக்கு வருவதற்குள் அலாரம் அலறிவிட்டது. பெரிய மாப்பிள்ளை வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"தம்பி, இடப்பக்கம் திரும்பப் போறியா?"

டிரோன் சட்டென்று வலப்பக்கம் வெட்டியது.

"சரி, வலப்பக்கமே திரும்பு. அங்கயும் வந்துதான் பிடிப்பேன்."

அந்த வாரம் முழுக்க சகலை என்ன வித்தை காட்டினாலும் தப்பவில்லை. பொய் அலாரம் அறவே நின்றது. கேபினில் அத்தனை அமைதி. பெரிய மாப்பிள்ளை எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், நாய்க்குக் கூட ஒரு பிஸ்கட். மேலாளர் வந்து பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார். அத்தோடு போயிருக்கலாம். "பிரமாதம்! இப்படி ஒருத்தர் பறந்து காட்டினதாலதான் ரேடார் இவ்வளவு நல்லா வந்திருக்கு" என்று சகலையின் தோளையும் தட்டிவிட்டுப் போனார்.

பெரிய மாப்பிள்ளையின் டீ ஆறிப்போனது. "பிடிச்சவனுக்குக் கை. தப்பி ஓடினவனுக்குத் தோளா?" என்று அன்றைக்கு முழுதும் முனகிக்கொண்டிருந்தார்.

பரிசோதனை நாள் வந்தது. விமான நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி ஓர் அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். கூட இரண்டு பேர். சகலை தன் பெட்டியைத் திறந்து காற்றாடிகளை மாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி அம்மா, "நீங்க வேண்டாம் தம்பி, டீ குடிங்க. நாங்களே ஆள் கொண்டுவந்திருக்கோம்" என்றார். நிலம் அளக்கிற ஒரு பெண். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றிருந்தார், நாங்கள் பார்க்கவே இல்லை.

பெரிய மாப்பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சகலை இல்லாமலே ஜெயிக்கப்போகிறோம் என்ற வெளிச்சம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரை சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் போனது. இன்னும் சுத்தமாக இருந்தது.

"எங்க பொண்ணு டிரோனைக் கிளப்பி எவ்வளவு நேரமாச்சு" என்றார் அதிகாரி அம்மா. "எங்க காட்டுது?"

"இன்னும் எல்லைக்குள்ள வரல மேடம். வந்தா தப்பாது."

கதவு திறந்தது. சகலை, கையில் டீக் கோப்பையோடு. "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க."

"கதவைச் சாத்து. வேலையா இருக்கேன்."

"இல்லண்ணே... ஓடுபாதைக்கும் நமக்கும் நடுவுல நிக்குது."

எல்லாரும் வெளியே போனோம். புல்லுக்கு மேலே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரு டிரோன். துணி தைக்கிற மாதிரி ஒரு கோடு போவது, திரும்புவது, பக்கத்திலேயே இன்னொரு கோடு. நடந்து போகிற வேகம். நிலம் அளக்கிறவர்கள் அப்படித்தான் பறப்பார்களாம். நடுநடுவே நின்று படம் எடுத்தது. நாங்கள் உள்ளே ஓடித் திரையைப் பார்த்தோம். ஒரே ஒரு புள்ளி இருந்தது. அதன் மேல் 'பறவை' என்று எழுதியிருந்தது. அது நிஜமாகவே ஒரு கொக்கு.

மேலாளர் அமைப்புகளைத் திறந்தார். அவர் முகம் சுருங்கியது. "வேக வரம்பை யார் இவ்வளவு ஏத்தினது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

பறவைத் தொந்தரவு என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். "பறவை..." என்று தொடங்கவும் செய்தார். அப்புறம் வாசலில் நின்ற சகலையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. பொய் சொன்னால் அவன் முன்னால் பொய் சொன்னதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இவன் இதுக்குக் கீழ பறக்க மாட்டான் சார்."

"எவன்?"

"எங்க சகலை."

 அதிகாரி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏங்க, இந்த விமான நிலையத்துக்கு உங்க சகலை ஒருத்தர்தான் எதிரியா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு தடவை வருகிறோம், அப்போதும் இப்படி என்றால் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் பெரிய மாப்பிள்ளை வரும்போது முகம் வீங்கியிருந்தது. வீட்டில் சண்டையா என்று கேட்டேன்.

"சண்டை இருந்தா நல்லா இருந்திருக்கும். யாருக்குமே ஒண்ணும் தெரியல."

"நல்லதுதானேண்ணே."

"என்ன நல்லது? நேத்து ராத்திரி அவன் எல்லார்கிட்டயும் சொல்லிக் கும்மி அடிப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன். சொன்னா நாலு வார்த்தை திட்டலாம். ஒரு வார்த்தை சொல்லல டிகிரி. போன் பண்ணி, 'அண்ணே சாப்பிட்டீங்களா'ங்கறான். அதுலயும் அவனே ஜெயிச்சுட்டான்."

திருத்துவது எப்படி என்பதில் குழப்பமில்லை. வரம்பை இறக்க வேண்டும். மெதுவாக, தடுமாறி, நின்று நின்று பறக்கிற பதிவுகள் நிறைய வேண்டும். குப்பை என்று போட்ட வங்கிக்காரரின் பதிவுகளைத் தோண்டினோம். குப்பையென்று போட்டதை வாரந்தோறும் இயந்திரம் அழித்துவிடும். புதிதாகத்தான் பறக்க வேண்டும்.

சகலையைக் கூப்பிட்டு மோசமாகப் பறக்கச் சொன்னார்கள். பாவம், முயன்றார். மெதுவாகப் போகச் சொன்னால் மெதுவாக, ஆனால் அன்னம் மாதிரி போனார். தடுமாறச் சொன்னால் தாளத்துக்குத் தடுமாறினார். மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "நடிக்கறார். இது நிஜத் தடுமாற்றம் இல்ல."

பெரிய மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தார். "இங்க குடு."

"அண்ணே, உங்களுக்கு..."

"தெரியாது. அதான் குடுங்கறேன்."

சகலையின் சொந்த டிரோன் அது. பிள்ளையைக் கிணற்றுமேல் தூக்கிக் கொடுப்பது மாதிரி கொடுத்தார். பெரிய மாப்பிள்ளை புல்லில் போய் நின்றார். திரையைப் பார்க்க ஆள் வேண்டுமே, சகலை வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். சன்னல் வழியாக அதைப் பார்த்த பெரிய மாப்பிள்ளையின் விரல் வழுக்கி டிரோன் ஒரு குட்டிக்கரணம் போட்டது. அதுவும் பதிவாகட்டும் என்றார் மேலாளர்.

அப்படி ஒரு பறப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. புது மாடு வண்டி இழுப்பது மாதிரி. போகும், முரண்டு பிடிக்கும், குந்தும், சம்பந்தமில்லாமல் எகிறும். இரண்டு தடவை வேலியில் மாட்டியது. ஒரு தடவை நாய் துரத்தியது. கேபினில் சகலை திரையோடு மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு வாக்கி-டாக்கியில் கெஞ்சினார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? தெரியவே இல்ல!"

"நல்லாப் பாரு தம்பி."

"பாத்துட்டுத்தாண்ணே இருக்கேன். இப்ப இருந்தீங்க, இப்பக் காணோம்."

"நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

பரிசோதனை நாளில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது அவர் முகத்தில். இப்போது இருந்தது அசல் சந்தோஷம்.

தினமும் பறந்தார். நாங்கள் வரம்பை இறக்கி, அவருடைய தடங்களை ஊட்டினோம். இறக்கிய வரம்பில் கிளைகளும் லாரிகளும் திரும்பி வந்தன. சாலைப் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து வேறு வரம்பு வைத்தோம். அலாரம் அவ்வப்போது பொய்யாக அடித்தது, அதை அதிகாரி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். நிலம் அளக்கும் பெண் மறுபடி வந்து கோடு கோடாகத் தைத்தார். இரண்டாவது கோட்டிலேயே சிவப்புக் கட்டம் விழுந்தது. நிற்கும்போதும் விடவில்லை. சகலையும் ஒரு சுற்று பறந்தார். அவரையும் விடவில்லை. கம்பத்தைப் பிடுங்க வேண்டியதில்லை என்று அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் மேலாளர் பெரிய மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் அந்தப் பெட்டியில் தனி இடம் ஏது, நான் மூலையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நல்லா வேலை செஞ்சீங்க. ஆனா பொறுப்பாளரா உங்களைப் போட முடியாது. நாளைக்கு உங்களுக்கு வேற யார் மேலயாவது கடுப்பு வந்தா, ரேடார் அவரை மட்டும்தான் தேடும். இந்த நிலையத்தை நான் எப்படி நம்பி விடறது?"

அவர் வாதாடவில்லை.  கேட்டது இதைத்தான். "அவனுக்கு ஏதாச்சும் குடுக்கறீங்களா சார்?"

"யாருக்கு? உங்க சகலைக்கா? அவரை நிரந்தரமா எடுத்துக்கறோம். எல்லா நிலையத்துக்கும் போய்ப் பறந்து காட்டணும்."

"விமானத்துலயா போவான்?"

"தூரமா இருந்தா விமானத்துலதான்."

 பெரிய மாப்பிள்ளை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமியார் வீட்டில் 'பொறுப்பாளர்' என்ற அந்தச் சொல் விழவே இல்லை. விழுந்தது 'விமானத்துல போறாராமே' என்ற சொல்தான்.

இதில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. கொஞ்ச நாள் கழித்து சகலை என்னைத் தனியே கூப்பிட்டார். எப்போதும் சிரிக்கிற முகம், அன்றைக்குச் சிரிக்கவில்லை. மற்ற நிலையங்களின் ரேடார்களைப் பழக்குவதற்கு இங்கிருந்து எந்தப் பதிவுகள் போகின்றன என்று கேட்டார். பெரும்பாலும் அண்ணனுடையது என்றேன். டிரோன் ஓட்டத் தெரியாதவர்கள் பறப்பது அப்படித்தான் இருக்கும் என்பதால் அது எங்கும் உதவுகிறது.

"என்னோடது?"

"கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான்."

"அவர் வேலியில மாட்டினது கூடவா போகுது?"

"அதுதான் முதல்ல போகுது."

அவர் முகம் போன போக்கை நான் பெரிய மாப்பிள்ளையிடம் அப்படியே சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்கு வெட்கப்பட்டு, "அந்தக் 'கொஞ்சம்னா'வை எப்படிச் சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் வேறொரு விமான நிலையத்தில் வேலை செய்கிறேன். அவர் அதே இரும்புப் பெட்டியில், காலைப் பணியில் இருக்கிறார். பொறுப்பாளராகத் தலைமை அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்திருக்கிறார். அவர் மேல் இவருக்குப் பொறாமை எதுவும் இல்லை, அவர் உறவுக்காரர் இல்லையே. சகலை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். பெரிய மாப்பிள்ளை தவணையில் ஒரு டிரோன் வாங்கி, விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் பறக்கவிடுகிறார். இன்னும் மோசமாகத்தான் பறக்கிறார் என்று அண்ணி சொல்கிறார்.